விக்ஸ்பர்க் நகரத்து மிட்டாய்க் கடை

கோட்டை கொத்தளங்களையும் அரண்மனைகளையும் வழிபாட்டிடங்களையும் வரலாற்றுச் சின்னங்கள் என்று போற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம். கடைகளை அவ்வாறு போற்றுவார் அரியர். கடை என்பது கொள்வாரும் கொடுப்பாரும் கூடிக் கலையும் இடம். வணிகம் நொடித்தால் பூட்டப்படும். வாங்கியவர் இடித்துக் கட்டுவர். அவருக்குப் பின் வந்தவர் பெயர்ப்பலகையை மாற்றுவர். ஆயினும் ஒரு நாட்டு மக்கள் நாள்தோறும் எதை உண்டனர், எதைப் பருகினர், யாரோடு அருகமர்ந்து பருகினர், யாரை அருகே அமர விடவில்லை என்பவற்றை அறிய விரும்புவோர்க்குக் கோட்டையைவிடக் கடையே சிறந்த சான்றாகும். அத்தகைய கடை ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த விக்ஸ்பர்க் என்னும் சிறு நகரின் கடைத்தெருவில், வாஷிங்டன் தெரு 1107 ஆம் எண்ணில் நிற்கின்றது அக்கட்டடம். 1890இல் எழுப்பப்பட்டது. செங்கல்லால் ஆனது, கீழும் மேலுமாக இரண்டே தளம். பார்த்தவுடன் வியக்கத்தக்க தோற்றம் ஏதும் அதற்கில்லை. ஆனால் 1894 ஆம் ஆண்டின் கோடையில், கொக்கோ கோலா என்னும் பானம் முதன்முதலாகப் புட்டியில் அடைத்து விற்கப்பட்டது இந்தக் கடையிலேதான்.

அப்பானம் உடலுக்கு நல்லதா கெட்டதா என்னும் வழக்கை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை மிகுந்த நீரை நாள்தோறும் பருகுவது நன்றன்று என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். அறிந்தும் பருகுகின்றனர் என்பது வேறு செய்தி. நாம் காணப்போவது பானத்தை அன்று. பானம் கடையை விட்டு வெளியேறிய கதையை. அதுவரை கடைக்குள் சென்று அமர்ந்தவர்க்கு மட்டுமே கிடைத்த ஒரு பொருள், புட்டிக்குள் புகுந்ததும் கடையைத் தாண்டிப் போயிற்று. அதனால் யார் யார்க்கு என்ன நேர்ந்தது என்பதில்தான் இக்கட்டடத்தின் சிறப்பு அடங்கியிருக்கின்றது.

ஆறு விலகிய நகரம்

தென் மாநிலங்கள் என்று அமெரிக்கர் கூறும்போது வெறும் திசையை மட்டும் குறிப்பதில்லை. பருத்தித் தோட்டங்களையும், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்களையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் அத்தோட்டங்களில் அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய முறையையும் அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த நிலப்பகுதி அது. 1860-61இல் அம்மாநிலங்களுள் பதினொன்று ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து தனிநாடு அமைக்க முயன்றன. நான்காண்டு நீடித்த உள்நாட்டுப் போரில் தோல்வியுற்றன.

அந்தப் போரில் விக்ஸ்பர்க் பெரும் பங்கு பெற்றது. மிசிசிப்பி ஆற்றைக் கீழே பார்க்கும் உயர்ந்த மேட்டில் நகரம் அமைந்திருந்தமையால், அங்கே பீரங்கி வைத்திருப்பவரே ஆற்றுவழிப் போக்குவரத்தைத் தடுக்கவும் விடவும் வல்லவராயிருந்தனர். 1863 மே 18 முதல் ஜூலை 4 வரை நாற்பத்தேழு நாள் வடபடையினர் நகரை முற்றுகையிட்டனர். குண்டுமழைக்கு அஞ்சிய ஊர்மக்கள் மேட்டுச் சரிவுகளில் குகை தோண்டி அதற்குள் வாழ்ந்தனர். இறுதியில் நகரைக் காத்துநின்ற தென்படைத் தளபதி சரணடைந்தார். அவர் பெயர் ஜான் பெம்பர்ட்டன். நமது பானத்தை ஆக்கிய மருந்து வணிகர் பெயரும் ஜான் பெம்பர்ட்டனே. இருவரும் வேறு வேறு மனிதர். மாணவர்க்கு எடுத்துரைப்போர் மயங்காதிருக்கும் பொருட்டு இதனை இங்கேயே சொல்லி வைத்தோம்.

முற்றுகைக்குப் பின் பதின்மூன்று ஆண்டு சென்று நகருக்கு மற்றோர் இடர் வந்தது. 1876 ஏப்ரலில் மிசிசிப்பி ஆறு, நகருக்கு எதிரே நாக்குப் போல நீண்டு கிடந்த நிலத்தை அறுத்துக்கொண்டு புதுவழியில் ஓடத் தொடங்கிற்று. பழைய வளைவில் இருந்த விக்ஸ்பர்க், ஆற்றங்கரையை இழந்தது. பின்னர் அரசாங்கப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி யாசூ என்னும் துணையாற்றைத் திருப்பிவிட்ட பிறகே, 1903இல், நகரின் முன்னால் மீண்டும் நீரோட்டம் வந்தது. ஆக, நமது கடை எழுந்த 1890இல் விக்ஸ்பர்க் என்பது ஆற்றை இழந்த ஒரு துறைமுகம். அன்றைய மக்கள்தொகை பதின்மூவாயிரத்துச் சொச்சம். இன்றும் அது பெரிய நகரன்று. 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி இருபத்தோராயிரத்துச் சொச்சம் பேரே அங்கு வாழ்ந்தனர்.

ஆறு முன்போல் வாராத ஊரில் வணிகம் செய்வோர், வருகின்றவர்க்கு விற்றுக்கொண்டு வாளாவிருக்க இயலாது. இருப்புப்பாதையையும் வண்டிப்பாதையையும் கொண்டு சுற்றுவட்டாரத்துக்குப் பொருளை அனுப்பியாக வேண்டும். இந்த நிலையை மனத்திற் கொண்டால் பின்னால் நடந்தது நன்கு விளங்கும்.

கட்டடத்தின் வகை

அமெரிக்கச் சிற்றூர்களின் நடுவே அமைந்த கடைப்பகுதியை அவர்கள் ‘டவுன்டவுன்’ என்பர். நியூயார்க்கில் தீவின் தென்கோடியைக் குறிக்கப் பிறந்த சொல் அது. பின்னர் நாடு முழுவதும் பரவி, மேடு பள்ளம் பாராமல் எல்லா ஊர்க் கடைப்பகுதிக்கும் பொதுப்பெயராயிற்று. தமிழில் கடைத்தெரு என்னும் பழஞ்சொல்லே அதற்குப் போதும். நகர்நடுவம், மையநகர் என்றெல்லாம் புதிதாகச் சொல் படைப்பார் உளர். வேண்டாத உழைப்பு என்பது என் கருத்து.

அத்தெருக்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே வகையின. தெருப்பக்கம் குறுகி, உள்ளே நீண்டு செல்லும் மனை. இரு பக்கமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர். கீழ்த்தளத்தின் முகப்பில் அகன்ற கண்ணாடிப் பலகணி. அதற்குள் விற்பனைப் பொருள்களின் அணிவகுப்பு. மேல்தளத்தில் உயர்ந்த சன்னல்கள். அங்கே சரக்கு அறையோ, அலுவலகமோ, வணிகர் குடும்பமோ இருக்கும். வாங்குவோர் காண்பது முன்பகுதி. வேலை நடப்பது பின்பகுதி.

நம் நாட்டுக் கடைவீடுகளைக் கண்டு பழகியவர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஈப்போவிலும் நிற்கும் பழைய கடைவீடுகளும் குறுகிய முகப்பும் நீண்ட உடலும் ஒட்டிய சுவரும் உடையனவே. வேறுபாடு ஒன்று உண்டு. 1822இல் இராபிள்சு வகுத்த நகரத் திட்டத்தின்படி சிங்கப்பூரில் கடைதோறும் முன்னால் ஐந்தடி என்னும் நடைவழி விடப்பட்டது. கடை எவருடையதாயினும் அந்த நடைவழி ஊராருக்குப் பொது. விக்ஸ்பர்க் போன்ற ஊர்களில் வெயிலுக்கும் மழைக்கும் தடுப்பாகத் துணிப்பந்தலோ மரத்தாழ்வாரமோ கட்டிக்கொள்வது கடைக்காரர் விருப்பம். யார் உள்ளே வரலாம் என்பதும் அவர் விருப்பமே. இந்தச் செய்திக்குப் பின்னர் வருவோம்.

1107 ஆம் எண் கட்டடம் பீடன்ஹார்ன் என்னும் செர்மானிய வழிக் குடும்பத்தாருடையது. ஜோசப் பீடன்ஹார்ன் 1866இல் விக்ஸ்பர்க்கிலேயே பிறந்தவர். கடை எழுந்தபோது அவருக்கு இருபத்துநான்கு வயதுகூட நிரம்பவில்லை. மிட்டாய் விற்பதே முதன்மைத் தொழில். சில்லறையாகவும் மொத்தமாகவும் விற்றனர். அதனோடு கடைக்குள் ஒரு சோடா மேடையும் இருந்தது.

சோடா மேடை

இக்காலத்தவர்க்கு இதனைச் சற்று விளக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் குமிழி விடும் நீர் முதலில் மருந்தாகக் கருதப்பட்டது. இயற்கை ஊற்றுகளில் சுரக்கும் கனிமநீர் செரிமானத்துக்கு நல்லது என நம்பிய மக்கள், அதனைச் செயற்கையாகச் செய்யும் முறை வந்தவுடன் மருந்துக்கடைகளில் வாங்கிப் பருகலாயினர். செய்முறை எளிது; ஆனால் இடர் மிக்கது. ஈயப் பூச்சுள்ள கலத்தில் சலவைக்கல் தூளை இட்டுக் கந்தகத் திராவகத்தைச் சேர்த்தால் கரியமிலவாயு பொங்கும். அவ்வாயுவை அழுத்தத்துடன் தண்ணீரில் ஏற்ற வேண்டும். அழுத்தம் மிகுந்தால் கலம் வெடிக்கும். நியூயார்க்கில் புனித பாட்ரிக் பேராலயம் கட்டியபோது கழிந்த சலவைக்கல் துண்டுகளையே ஒரு சோடா உற்பத்தியாளர் வாங்கிக் குமிழி நீராக்கினார் என்பது அத்தொழில் வரலாற்றில் சுவையான செய்தி.

வாயு ஏற்றிய நீரில் எலுமிச்சை, இஞ்சி, பழச்சாறு ஆகியவற்றின் பாகைக் கலந்து கொடுக்கத் தொடங்கியதும் மருந்து, விருந்தாயிற்று. சலவைக்கல் பதித்த நீண்ட மேடை, பளபளக்கும் குழாய்கள், பின்னால் பெரிய கண்ணாடி, முன்னால் உயர்ந்த இருக்கைகள் என அது கடையின் அணிகலனாக வளர்ந்தது. ஊரார் கூடிப் பேசும் இடமும் அதுவே. மது அருந்தும் கடைக்குச் செல்ல விரும்பாத பெண்டிரும் இளைஞரும் அங்கே தயக்கமின்றி வந்தனர். மிட்டாய்க் கடைக்காரருக்குப் பாகு காய்ச்சுவது கைவந்த கலை. ஆதலால் மருந்துக்கடைக்கு அடுத்தபடி மிட்டாய்க் கடைகளிலேயே சோடா மேடைகள் மிகுதியாக இருந்தன.

விக்ஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ நானூறு மைல் கிழக்கேயுள்ள அட்லாண்டா நகரில், மருந்து வணிகர் ஜான் பெம்பர்ட்டன் 1886இல் ஒரு புதுப் பாகைக் காய்ச்சினார். கொக்கா இலைச் சாறும் கோலாக் கொட்டைச் சாறும் சேர்ந்தது அது. அவருடைய கணக்கரான ஃபிராங்க் ராபின்சன் அதற்குக் கொக்கோ கோலா என்று பெயரிட்டார். இன்றும் புட்டியில் காணும் அந்தச் சுழித்த கையெழுத்து அவருடையதே. குவளை ஒன்று ஐந்து காசு. பெம்பர்ட்டன் 1888இல் மறைந்தார். தம் பாகின் எதிர்காலத்தைக் காணவில்லை. உரிமைகள் படிப்படியாக அட்லாண்டாவைச் சேர்ந்த மற்றொரு மருந்து வணிகரான ஏசா காண்ட்லரின் கைக்கு வந்தன. 1892இல் அவர் கம்பெனி அமைத்தார்.

காண்ட்லர் விற்றது பாகு மட்டுமே என்பதைக் கருத்திற் கொள்க. பாகு பீப்பாயில் செல்லும். கடைக்காரர் அதில் குமிழி நீர் கலந்து குவளையில் ஊற்றிக் கொடுப்பார். ஆக, சோடா மேடை எங்கே உண்டோ அங்கே மட்டுமே பானம் உண்டு. விக்ஸ்பர்க் கடையும் இவ்வாறு பாகு வாங்கிய கடைகளுள் ஒன்று.

புட்டிக்குள் புகுந்த கதை

நகரத்தில் விற்பனை நன்றாகவே நடந்தது. ஆனால் பருத்தித் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் சோடா மேடை ஏது? நகருக்குள்ளும் மேடைகள் சிலவே. அவையும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. மேடைக்கு வர இயலாத நாட்டுப்புறத்தாருக்கும் பானத்தைச் சேர்க்க விரும்பியே புட்டியில் அடைத்ததாகப் பீடன்ஹார்ன் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். சோடா அடைக்கும் பொறி கடையில் முன்னரே இருந்தது. பாகை அதிலிட்டு, குமிழி நீர் சேர்த்து, புட்டியை மூட வேண்டியதே மிச்சம்.

அந்தப் புட்டி எத்தகையது? நம் முன்னோர் பருகிய கோலிச் சோடாவை அறிந்தவர்க்கு விளக்குவது எளிது. ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் அமைத்த அப்புட்டியின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி கிடக்கும். புட்டியைத் தலைகீழாக நிரப்பி நிமிர்த்தினால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி, வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். அடைபட்ட வாயுவே அடைப்பானையும் தாங்கிப் பிடிக்கின்றது என்பதே அதன் நுட்பம்.

அமெரிக்காவில் சிக்காகோவைச் சேர்ந்த சார்லஸ் ஹட்சின்சன் 1879இல் காப்புரிமை பெற்ற புட்டியும் இதே நுட்பத்தையே கொண்டது. கோலிக்குப் பதில் அதில் ஒரு ரப்பர்த் தட்டும், அதனோடு இணைந்த கம்பி வளையமும் இருந்தன. நிரப்பிய பின் கம்பியை மேலே இழுத்தால் ரப்பர் கழுத்தில் போய்ப் பொருந்தும். வாயு அதனை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பருக விரும்புவோர் கம்பியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் ரப்பர் கீழே இறங்கி, ‘பாப்’ என்ற ஓசையுடன் வாயு வெளிப்படும். குமிழிப் பானங்களை அமெரிக்கர் ‘பாப்’ என்று வழங்குவதற்கு அந்த ஓசையே காரணம். அச்சொல் இப்புட்டிக்கும் முந்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு செய்தி நம்மவர்க்குச் சுவைதரும். அப்புட்டிகளின் ரப்பர் மலாயாத் தோட்டங்களில் விளைந்ததன்று. மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர்க் கன்று நட்டது 1896இல்தான். 1894இல் உலகின் ரப்பர் பெரும்பாலும் பிரேசில் காடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

ஹட்சின்சன் புட்டிக்குக் குறைகள் இருந்தன. உட்புறத்தைச் செவ்வையாகக் கழுவ இயலாது. நாட்கள் செல்லச் செல்ல ரப்பரின் வாடை பானத்தில் ஏறும். ஆதலால் நெடுந்தொலைவு அனுப்பவோ நெடுநாள் வைத்திருக்கவோ அது ஏற்றதன்று. ஆனால் சுற்றுவட்டாரத்துக்குப் போதும். காலிப் புட்டி திரும்பி வந்தாக வேண்டும், ஏனெனில் உள்ளிருக்கும் பானத்தைவிடப் புட்டிக்கே மதிப்பு அதிகம். மிட்டாயை மொத்தமாக விற்று வந்த கடைக்கு நாட்டுப்புறக் கடைகளோடு தொடர்பு முன்னரே இருந்தது. நிறைந்த புட்டியைக் கொண்டு சென்று வெறும் புட்டியை மீட்டு வர அத்தொடர்பு எத்துணை உதவியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பெருந்தொழில் வல்லுநர் எவரும் செய்யாத ஒன்றை ஒரு மிட்டாய்க் கடைக்காரர் செய்ததற்குக் காரணம் மேதைமையன்று. அவருடைய தொழிலின் அமைப்பே என்று நான் கருதுகின்றேன்.

அடைத்த புட்டிகளுள் இரண்டு டசனை அவர் அட்லாண்டாவுக்கு, காண்ட்லருக்கு அனுப்பி வைத்தார். நன்றாயிருக்கிறது என்று காண்ட்லர் பதில் எழுதினார். அதற்கு மேல் ஊக்கம் காட்டவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பின்னரும் பீடன்ஹார்ன் இந்நிகழ்ச்சியை மறக்கவில்லை. அந்தக் காலிப் புட்டிகளைக் காண்ட்லர் திருப்பி அனுப்பவேயில்லை என்பதையும் மறக்கவில்லை! வணிகர்க்குரிய நினைவாற்றல் அது.

ஒரு வெள்ளி ஒப்பந்தம்

காண்ட்லருக்கு ஏன் ஊக்கமில்லை? அவர் அறிந்த உலகம் சோடா மேடை. அங்கே நன்றாக விற்கும் பொருளை, வெடிக்கவும் கெடவும் கூடிய புட்டிக்குள் அடைத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். எண்ணம் யாதாயினும் விளைவு நாம் அறிந்ததே. 1899 ஜூலையில் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரைச் சேர்ந்த இரு வழக்குரைஞர்கள் அவரைக் காண வந்தனர். ஒருவர் பெஞ்சமின் தாமஸ். மற்றவர் ஜோசப் ஒயிட்ஹெட். தாமஸ் முன்னாண்டில் ஸ்பெயினுடன் நடந்த போரின்போது கியூபாவில் இருந்தவர். அங்கே மக்கள் அன்னாசிச் சாற்றைப் புட்டியில் வாங்கிப் பருகுவதைக் கண்டவர். கொக்கோ கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை நாட்டின் பெரும்பகுதிக்கும் தருமாறு இருவரும் கேட்டனர். காண்ட்லர் கொடுத்தார். விலை ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளியையும் அவர் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை என்பர்.

ஒப்பந்தத்தில் சில பகுதிகள் விலக்கப்பட்டிருந்தன. வடகிழக்கிலுள்ள ஆறு நியூ இங்கிலாந்து மாநிலங்கள், டெக்சாஸ், மிசிசிப்பி என்பன அவை. மிசிசிப்பியில் பீடன்ஹார்ன் முன்னரே புட்டியடைத்துக்கொண்டிருந்தார் அல்லவா! ஐந்தாண்டுக்கு முன் அவர் தொடங்கிய வேலைக்குச் சட்ட ஏட்டில் கிடைத்த இடம் இந்த விலக்குத்தான்.

தாமசும் ஒயிட்ஹெட்டும் தாமே எங்கும் ஆலை கட்டவில்லை. நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஊருக்கு ஒருவராக உள்ளூர் வணிகர்க்கு உரிமை கொடுத்தனர். 1920 வாக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் புட்டியடைத்துக்கொண்டிருந்தன. பால்ட்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்ட்டர் 1892இல் காப்புரிமை பெற்ற தகர மூடி பழைய கம்பி அடைப்பானை ஒழித்தது. 1915இல் இடை சிறுத்த புதுப் புட்டி உருவாக்கப்பட்டது. 1928இல் புட்டி விற்பனை சோடா மேடை விற்பனையை விஞ்சிற்று. ஒரு வெள்ளிக்குக் கொடுத்த உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நம் வட்டாரத்துக்கு இப்பானம் வந்த வழியும் புட்டி வழியே. சிங்கப்பூரில் 1883இல் ஃபிரேசரும் நீவும் தொடங்கிய சோடாக் கம்பெனி 1936இல் இதனை அடைக்கும் உரிமையைப் பெற்றது. அதனால் இங்குள்ளோர்க்குக் கொக்கோ கோலா என்றாலே புட்டிதான் கண்முன் நிற்கும். மருந்துக்கடை மேடையில் குவளையில் ஊற்றிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது என்பதே புதுச் செய்தியாகத் தோன்றும்.

மேடைக்கு வெளியே நின்றவர்கள்

சோடா மேடை ஊரார் கூடும் இடம் என்று மேலே கூறினோம். ஊரார் என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர் என்று கேட்க வேண்டும். விக்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள நாட்டில் கறுப்பின மக்களே பெரும்பான்மையினராயிருந்தனர். போருக்குப் பின் அடிமைத்தளை அறுபட்டது, வாக்குரிமையும் வந்தது, விக்ஸ்பர்க் அமைந்த மாவட்டத்தில் கறுப்பினத்தார் ஒருவர் காவல் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874 டிசம்பரில் அவரைப் பதவியிலிருந்து விரட்டிய வெள்ளையர் கூட்டம் கறுப்பின மக்கள் பலரைக் கொன்று குவித்தது. 1890இல், அதாவது நமது கட்டடம் எழுந்த அதே ஆண்டில், மிசிசிப்பி மாநிலம் புதிய அரசியலமைப்பை வகுத்துக்கொண்டது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும். அரசியலமைப்பின் பகுதியைப் படிக்கவோ விளக்கவோ தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததா இல்லையா என்பதை வெள்ளை அலுவலர் முடிவு செய்வார். சட்டத்தில் நிறத்தின் பெயர் சொல்லப்படவில்லை. ஆயினும் கறுப்பின மக்களின் வாக்குரிமை ஏறத்தாழ முற்றாகப் பறிபோயிற்று.

அந்தக் காலத்துத் தென் மாநிலங்களில் சோடா மேடையின் உயர்ந்த இருக்கை பொதுவாக வெள்ளையர்க்கே உரியது. கறுப்பினத்தார் காசு கொடுத்தாலும் அருகே அமர்ந்து பருக இடமில்லை. புட்டிக்கோ இருக்கை வேண்டியதில்லை. தோட்டக் கடையிலும், பருத்தி அரைக்கும் ஆலை வாசலிலும், புகைவண்டி நிலையத்திலும், ஐந்து காசு வைத்திருப்பவர் எவரும் அதனை வாங்கித் தெருவோரம் நின்று பருகலாம். நாட்டுப்புறத்தாருக்குப் பானத்தைச் சேர்க்க விரும்பிய பீடன்ஹார்ன், நிற வேற்றுமையை ஒழிக்க எண்ணிப் புட்டியடைத்தார் என்று கூறுவது பிழை. அவர் வணிகர், விற்பனையைப் பெருக்க விரும்பினார், அவ்வளவே. ஆனால் வணிகர் எண்ணாததையும் பொருள் செய்துவிடுகின்றது. மேடையில் அமர இடம் பெறாதவர்க்கும் புட்டி எட்டிற்று.

அதனை எல்லாரும் வரவேற்கவில்லை. தொடக்கக் காலப் பாகில் கொக்கா இலையின் வழியாகக் கொக்கெயின் சிறிதளவு இருந்தது. வெள்ளையர் மட்டும் மேடையில் பருகிய காலத்தில் அது பெரிதாகப் பேசப்படவில்லை. கறுப்பின மக்கள் கைக்கும் புட்டி சென்ற பின்னர், கொக்கெயினால் அவர்கள் வெறிகொள்வர் என்னும் அச்சத்தைத் தென்னாட்டு இதழ்கள் கிளப்பின. 1903 வாக்கில் கம்பெனி கொக்கெயினை நீக்கியதற்கு இக்கூச்சலும் ஒரு காரணம் என வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். நல்ல முடிவு, தீய காரணம்!

மேடையின் கதவு திறக்க மேலும் அறுபதாண்டு ஆயிற்று. 1960 பிப்ரவரி முதல் நாள் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர் ஒரு கடையின் உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர்; கொடுக்க மறுத்த பின்னரும் எழவில்லை. அமர்வுப் போராட்டம் தென் மாநிலங்கள் எங்கும் பரவிற்று. 1964இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, பொதுமக்கள் வந்து போகும் உணவு மேடைகளில் நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடை செய்தது. விடுதலைப் போராட்டம் கடைத்தெருவில் நடந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், கடை வரலாற்றுக்கு உரியதன்று என்று யார் சொல்வார்?

பின்னர்

பீடன்ஹார்ன் 1910களில் குடும்பத்தோடு லூசியானா மாநிலத்து மன்ரோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் புட்டித் தொழிலையே நடத்தினார். குடும்பத்தார் டெக்சாசிலும் ஆலை நடத்தினர். மன்ரோவில் பருத்திப் பூச்சிக்கு வானிலிருந்து மருந்து தூவும் கம்பெனி ஒன்று இருந்தது. 1928இல் அது டெல்டா என்னும் பெயரில் விமான நிறுவனமாக மாறியபோது பணம் இட்டவர்களுள் இக்குடும்பமும் உண்டு. மிட்டாய்க் காசு புட்டியாகி, புட்டிக் காசு வானூர்தியாயிற்று. ஜோசப் பீடன்ஹார்ன் 1952இல் காலமானார்.

விக்ஸ்பர்க் கடை பிறர் கைக்குச் சென்றது. தென்னாட்டுச் சிறு நகரங்களில் இத்தகைய பழங்கட்டடங்கள் பல எஞ்சி நிற்பதற்கு மரபுப் பற்று மட்டும் காரணமன்று. இடித்துப் புதிது கட்டப் பணமில்லாமையும் ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெடுஞ்சாலைகள் ஊருக்கு வெளியே சென்றன. கடைகளும் அவற்றைப் பின்தொடர்ந்தன. விக்ஸ்பர்க்கிலும் பெருஞ்சாலை கடைத்தெருவுக்குத் தெற்கே விலகிச் செல்கின்றது. ஆறு விலகியதுபோலச் சாலையும் விலகிற்று. வறுமை காத்த கட்டடங்களைக் காக்கும் சட்டம் 1966இல்தான் வந்தது. சிறு நகரக் கடைத்தெருக்களை மீட்பதற்கென நாடளாவிய திட்டம் வகுத்தது 1980இல்.

அதற்கு ஓராண்டு முன்னர், 1979இல், பீடன்ஹார்ன் குடும்பத்தார் பழைய கடையை மீட்டுச் செப்பனிட்டு, விக்ஸ்பர்க் மரபுக் காப்பு அமைப்பிடம் ஒப்படைத்தனர். அருங்காட்சியகமாக அது திறக்கப்பட்டது. அந்நகருக்கு வருவோருள் மிகுதியானவர் நாடுவது, 1899இல் நிறுவப்பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் நிறைந்த போர்க்களப் பூங்காவை. கடைத்தெருவுக்கு இறங்கி வருவோர் குறைவு. வந்தவர்க்குப் பழங்கால மிட்டாய்க் கடையும், சோடா மேடையும், 1894இல் புட்டியடைத்த பொறிகளின் மாதிரியும் காணக் கிடைக்கும். முதற் புட்டிகளின் தடித்த கண்ணாடியில் புடைப்பெழுத்தாகப் பீடன்ஹார்ன் கடையின் பெயரும் ஊர்ப்பெயருமே இருந்தன. கொக்கோ கோலா என்னும் சொல் அவற்றில் இல்லை.